வாலைப் பார்த்துப் பேசுங்கள்!

நாய் வாலை ஆட்டினால் சந்தோஷம் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பூனை வாலை ஆட்டினால்? அதற்கும் சந்தோஷம்தான் என்று நானும் வெகு நாள் நினைத்துக் கொண்டிருந்தேன். அந்த நினைப்புக்கு எங்கள் வீட்டில் ஒரு பச்சைப் பிள்ளை நான்கு நாள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டி வந்தது.

எங்களுக்கு நாமக்கல்லில் சின்னதாக ஒரு மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. அரிசி மூட்டையை எலி குதறுகிறது என்று 2018-ல் இவர் ஒரு பூனைக்குட்டியைக் கொண்டு வந்தார். சாம்பல் நிறத்தில் வரி வரியாக இருக்கும். வந்த வாரமே உறியில் இருந்த வெண்ணெயில் வாய் வைத்ததால் என் மாமியார் ‘கண்ணன்’ என்று பெயர் வைத்துவிட்டார். பெயர் வைத்தாரே தவிர, வீட்டுக்குள் விட அவருக்கு இஷ்டம் இல்லை. "பூனை வீட்டுக்கு ஆகாது கண்ணு, கடையோட இருக்கட்டும்" என்பார். அவர் என்னைக் ‘கண்ணு’ என்பதும் பூனையைக் ‘கண்ணா’ என்பதும் சேர்ந்து, கூப்பிட்டால் யார் போவது என்று ஒரே குழப்பம்!

2019-ல் கோடை லீவுக்கு என் நாத்தனார் மகன் வந்திருந்தான். அப்போது அவனுக்கு நாலு வயது. கண்ணன் திண்ணையில் படுத்திருக்க, இவன் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக் கொண்டிருந்தான். பூனையின் வால் தரையில் ‘பட் பட்’டென்று அடித்தது. "அத்தை, இங்க பாருங்க, வாலை ஆட்டறான்! இவனுக்கு என்னை ரொம்பப் பிடிச்சிருக்கு!" என்றான். நானும் அரிசி புடைத்துக்கொண்டே "ஆமாஞ்சாமி" என்று சிரித்தேன். அடுத்த நிமிஷம் வீல் என்று கத்தல். புறங்கையில் மூன்று கோடு, ரத்தம் துளிர்த்திருந்தது.

மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு ஓடி வந்தார். நல்ல வேளை, என் மகள் தடுத்து, குழாயடியில் கையைப் பிடித்துச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வைத்தாள். பூனைக் கீறலுக்கும் கடிக்கும் செய்ய வேண்டிய முதல் காரியம் அதுதான். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் கூடாது. கழுவிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பூனையாலும் வெறிநோய் வரும். வந்தபின் வைத்தியம் இல்லை என்பதால் யோசிக்க இடமே கிடையாது. ரத்தம் வந்திருந்ததால் காயத்தைச் சுற்றி ஒரு மருந்தைச் செலுத்தினார்கள். பிறகு தோலுக்குள் போடும் தடுப்பூசி, அன்றைக்கும் 3, 7, 28-வது நாட்களிலும். "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்களே!" என்று அழுதுகொண்டிருந்த மாமியாருக்கு, அந்தக் காலத்து ஊசி நின்று போய் வெகு வருஷம் ஆகிவிட்டது என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

அன்று ராத்திரி வீட்டில் பஞ்சாயத்து. "கோணியில கட்டிச் சந்தையில விட்டுட்டு வந்துருடா" என்று மாமியார் இவரிடம் சொல்லிவிட்டார். கண்ணனோ ஒன்றும் நடக்காதது மாதிரி வாலை உடம்பைச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பூனை திடீரென்று கீறவில்லை. வாலால் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கீறியது. எங்களுக்குத்தான் அந்தப் பாஷை தெரியவில்லை. "எனக்கு ஒரு மாசம் டயம் குடுங்க அத்தை" என்று கேட்டு வாங்கினேன்.

அந்த மாதம் முழுக்க அவன் வாலைத்தான் பார்த்தேன். பார்த்ததை என் மகளிடம் சொல்வேன், அவள் புத்தகத்தில் தேடிப் படித்துச் சொல்வாள்.

பூனை வாலைத் தரையில் அடித்தாலோ, இரண்டு பக்கமும் வீசி ஆட்டினாலோ எரிச்சல் என்று அர்த்தம். ‘போதும், கையை எடு’ என்கிறது. கூடவே காது பின்னால் மடங்கி, கண்ணின் பாப்பா பெரிதாகிவிட்டால் அடுத்தது நகம்தான். வயிற்றைத் தடவுவது பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்காது. அடி வால் பக்கமும் சிலதுக்கு ஆகாது. கன்னமும் தாடையும்தான் பத்திரமான இடம். வாலின் நுனி மட்டும் துடித்தால் அது வேறு. ஜன்னலில் உட்கார்ந்து அணிலைப் பார்க்கும்போது கண்ணனுக்கு நுனி வால் மட்டும் துடிக்கும். புத்தி முழுக்க அதிலே இருக்கிறது என்று பொருள். ஆனால் மடியில் படுத்திருக்கும்போது நுனி துடித்தால், அதைக் கோபத்தின் ஆரம்பம் என்று எடுத்துக்கொண்டு நான் கையை எடுத்துவிடுவேன்.

சந்தோஷத்துக்கு அடையாளம் ஆட்டுவதே அல்ல. வால் கொடிக்கம்பம் போல நேராக நிமிர்ந்து நிற்கும். நுனி மட்டும் கொக்கி மாதிரி லேசாக வளைந்திருக்கும். குட்டிகள் தாயிடம் ஓடும்போது இப்படித்தான் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். பெரிதான பிறகும் வேண்டியவர்களைக் கண்டால் அதே பழக்கம். சார்லஸ் டார்வின் 1872-ல் எழுதிய புத்தகத்திலேயே இந்த வால் நிமிர்வதைக் குறித்து, நாயின் நடத்தையோடு ஒப்பிட்டிருக்கிறாராம். இங்கிலாந்தில் 1990-களில் ஒரு ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். பூனை உருவத்தைக் கறுப்பாக வெட்டி, ஒன்றுக்கு வாலை நிமிர்த்தியும் இன்னொன்றுக்குத் தாழ்த்தியும் வைத்துக் காட்டினார்கள். நிமிர்ந்த வாலைக் கண்ட பூனைகள் தங்கள் வாலையும் தூக்கிக்கொண்டு சீக்கிரமாகக் கிட்டே போயினவாம். நாம் கும்பிட்டால் எதிரே வருபவரும் கும்பிடுகிறாரே, அந்த மாதிரி. காலையில் நான் கடைக் கதவைத் திறக்கும்போது கண்ணன் வாலைத் தூக்கிக்கொண்டு வருவான், காலில் உரசி வாலையும் சுற்றிவிட்டுப் போவான். அதைப் பார்த்த மாமியார், "எனக்கு மட்டும் தூக்க மாட்டேங்குது பாரு" என்று குறைப்பட்டுக்கொள்ள ஆரம்பித்தார். மாற்றம் தொடங்கிவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன்!

பயந்தால் வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி உப்பிவிடும். நமக்கு மயிர்க்கூச்செறிகிறதே, அதே காரியம்தான். உடம்பைப் பெரிதாகக் காட்டி எதிரியை மிரட்டுகிறது. தீபாவளிக்கு வெடிச்சத்தம் கேட்டதும் கண்ணன் அப்படி ஆகிவிடுவான். அப்போது தூக்கிக் கொஞ்சக் கூடாது. இருட்டாக ஒரு மூலையைக் காட்டிவிட்டு விட்டுவிட வேண்டும். ரொம்பப் பயந்தால் வாலை வயிற்றுக்கடியில் இடுக்கிக்கொள்ளும்.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். நிமிர்ந்த வால் வெடவெடவென்று நடுங்கினால் இரண்டு அர்த்தம். நம்மைப் பார்த்து நடுங்கினால் ஏகப்பட்ட குஷி. சுவருக்கு முதுகைக் காட்டிப் பின்னங்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நடுங்கினால், ஓடிப் போய் மூட்டையை நகர்த்துங்கள். எல்லைக்காக மூத்திரம் பீய்ச்சப் போகிறது. நாட்டுச் சர்க்கரை மூட்டை ஒன்று போன பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. ‘குடும்பக் கட்டுப்பாடு’ ஆபரேஷன் செய்தபின் அந்தத் தொல்லை நின்றது.

இவ்வளவும் கற்றுக்கொண்டது சும்மா ரசிக்கத்தான் என்று நினைத்திருந்தேன். 2022 ஆவணியில் ஒரு நாள் காலையில் இவர் மொபெட்டைக் கிளப்பினார். அடியில் கண்ணன் தூங்கியதை யாரும் கவனிக்கவில்லை. ஒரே ஒரு அலறல். சக்கரத்தில் வால் சிக்கி, பிய்த்துக்கொண்டு ஓடிவிட்டான். சாயங்காலம்தான் திரும்பி வந்தான். உடம்பில் காயம் ஏதும் இல்லை, நடையும் சரியாக இருந்தது. "பயந்து போயிருக்கு, அதான் வாலைத் தொங்கப் போட்டிருக்கு. நாளைக்குச் சரியாயிடும்" என்றார் இவர்.

எனக்கு அது பயந்த வாலாகத் தெரியவில்லை. பயந்த வால் உடம்போடு ஒட்டி இறுகி இருக்கும். இதுவோ நனைந்த கயிறு மாதிரி, நடக்க நடக்கத் தானாக ஆடியது. என்னைக் கண்டதும் தலையை உரசினான், தொண்டையில் உறுமினான், எல்லாம் வழக்கம் போல. வால் மட்டும் எழவே இல்லை. நுனியைப் பிடித்து லேசாகக் கிள்ளினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராத்திரி வைத்த மணல் தட்டு விடிந்த பின்னும் காய்ந்தே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி, எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

டாக்டரம்மா வாலை நுனியிலிருந்து கிள்ளிக்கொண்டே வந்தார். அடி வால் வந்ததும் கண்ணன் திரும்பிச் சீறினான். "சீறினானா? நல்லது" என்றார். பிறகு விளக்கினார். வாலுக்குப் போகும் நரம்புகளும் மூத்திரப் பைக்குப் போகும் நரம்புகளும் முதுகெலும்பின் கடைசியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வாலை வெடுக்கென்று இழுத்தால் இரண்டுமே இழுபட்டுச் செத்துப் போகலாம். அப்போது வால் தொங்கிப் போகும், மூத்திரமும் வெளியே வராது. அடி வாலில் உணர்வு இருந்தால் பிழைத்துத் தேற வாய்ப்பு அதிகம். இதனால்தான் குழந்தைகள் பூனையின் வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பது.

கண்ணனின் மூத்திரப் பை எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியாக இருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். அதை அமுக்கி வெளியேற்றி, எக்ஸ்ரே எடுத்து, எப்படி அமுக்குவது என்று எனக்கும் கையைப் பிடித்துக் கற்றுக் கொடுத்தார். கற்றுக்கொள்ளாமல் யாரும் செய்யக் கூடாது, பை கிழிந்துவிடும். தினம் மூன்று வேளை. நான் அமுக்க, கண்ணனின் தலையைப் பிடித்துக்கொண்டது யார் என்று நினைக்கிறீர்கள்? கோணியில் கட்டச் சொன்ன என் மாமியார்தான். "கொஞ்சம் பொறுத்துக்கடா கண்ணா" என்று அவனோடு பேசிக்கொண்டே இருப்பார்.

பதினோராம் நாள் காலையில் மணல் தட்டு நனைந்திருந்தது. அதைக் கண்டு இப்படிச் சந்தோஷப்படுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் வால் தேறவில்லை. தரையில் இழுபட்டுப் புண்ணாகி, அசுத்தம் ஒட்டி ஈ மொய்த்தது. ஐந்து வாரம் பார்த்துவிட்டு, உணர்வுள்ள அடி வால் இரண்டு அங்குலம் விட்டு மீதியை எடுத்துவிட்டார்கள். பூனையின் வாலில் சுமார் இருபது எலும்பு உண்டாம். கண்ணனுக்கு இப்போது மூன்று இருந்தால் அதிகம். மதில் மேல் நடக்கும்போது முதலில் கொஞ்சம் தடுமாறினான், பிறகு பழகிக்கொண்டான்.

போன லீவுக்கு நாத்தனார் மகன் மறுபடி வந்தான். பெரிய பையனாகிவிட்டான். கண்ணனிடம் போகத் தயங்கி, "அத்தை, வால்தான் இல்லையே. கோபமா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" என்று கேட்டான். காதைப் பார், முதுகுத் தோல் சுருக் சுருக்கென்று இழுக்கிறதா பார் என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் திண்ணையில் உட்கார்ந்து கையை மட்டும் நீட்டி, தொடாமல் காத்திருந்தான். கண்ணன் எழுந்து, அந்த விரலை முகர்ந்து பார்த்தான். பின்னால் இருந்த இரண்டு அங்குலமும் நேராக நிமிர்ந்தது.