மனை சுவாமியுடையது, வீடு நம்முடையது!

வலங்கைமான் என்றதும் பாடைக் காவடிதான் நினைவுக்கு வரும். கடும் நோயிலிருந்து பிழைத்து எழுந்தவர்கள், பங்குனி மாதத்தில் பாடையில் படுத்தபடி மாரியம்மன் சந்நிதிக்கு வந்து வேண்டுதலைச் செலுத்துகிறார்கள். அம்மனுக்குப் பட்ட கடன் அன்றோடு தீர்ந்தது. ஆனால் இந்தச் சீமையில் தெய்வத்துக்குப் பட்ட இன்னொரு கடன் உண்டு. மாதாமாதம் வரும், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வளரவும் செய்யும். அதுதான் அடிமனை வாடகை!

காவிரிக் கரை ஊர்களில் கோயில் மனையிலே வீடு கட்டிக்கொண்டு, இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருப்போர் ஏராளம். சுவரும் கூரையும் அவர்களுடையவை. கீழே உள்ள மண் மட்டும் கோயிலுடையது. தாத்தா காலத்துச் சொற்ப வாடகையைக் குமாஸ்தாவிடம் கொடுத்து ரசீது வாங்கி வந்தால் விஷயம் முடிந்தது. திடீரென்று ஒரு நாள் நோட்டீஸ் வருகிறது. "என்னங்க இது, ஒரு சைபர் கூடப் போட்டுட்டாங்களா?" என்கிறாள் வீட்டுக்காரி. சைபர் சரியாகத்தான் இருக்கிறது!

1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஏ பிரிவுப்படி, இணை ஆணையர், கோயிலின் நிர்வாக அதிகாரி அல்லது அறங்காவலர், மாவட்டப் பதிவாளர் ஆகியோர் கொண்ட குழு வாடகையை நிர்ணயிக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மறு நிர்ணயம். 2007இல் வந்த அரசாணை, குடியிருப்பு மனைக்கு மதிப்பில் நூறு ரூபாய்க்குப் பத்துப் பைசா மாத வாடகை என்றது; கடைக்கு முப்பது பைசா. பத்துப் பைசாதானே என்று நினைக்காதீர்கள். மனை 1,200 சதுர அடி, சதுர அடி 500 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். மதிப்பு 6 லட்சம். வாடகை மாதம் 600 ரூபாய். நேற்று வரை 40 ரூபாய் கட்டியவருக்குத் தலை சுற்றாதா?

கோபத்தில் பலர், "ஒரு காசு கட்டமாட்டேன்!" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். இதைவிட அபாயம் வேறில்லை. பாக்கி ஏறினால் குத்தகை ரத்தாகலாம். ரத்தானபின் அங்கேயே இருப்பவர், சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பாளர். பழைய வாடகையையாவது விடாமல் கட்டி ரசீது வாங்குங்கள்.

பிறகு நோட்டீஸை நிதானமாகப் படியுங்கள். மனையின் அளவு சரிதானா? டேப்பைப் பிடித்து நீங்களே அளந்து பாருங்கள். பின் சந்தில் இருக்கும் மனைக்குக் கடைத்தெரு மதிப்பைப் போட்டிருக்கிறார்களா? குடியிருப்பைக் கடை என்று எழுதியிருக்கிறார்களா? தவறு இருந்தால், உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் சென்னையில் ஆணையரிடம் அப்பீல் செய்யலாம். அங்கும் சரிப்படவில்லை என்றால் 90 நாளுக்குள் ஐக்கோர்ட்டு. ஆனால் ஒரு முட்டுக்கட்டை: நிர்ணயித்த வாடகையைச் செலுத்திய அத்தாட்சி இல்லாமல் அப்பீலை ஏற்கமாட்டார்கள். ஏழைக் குடும்பத்துக்கு இது கடுமைதான் என்பது என் அபிப்பிராயம்.

"வீடு கட்டியவனுக்கு மனையை வாங்கும் உரிமை உண்டாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். நகரங்களில் 1921ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி ஓர் உரிமையைக் கொடுத்தது. 1996இல் செய்த திருத்தம் கோயில் மனைகளை அதிலிருந்து விலக்கிவிட்டது. 2005இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது.

இங்கிலாந்தில் 2022இல் ஒரு சட்டம் வந்தது. புதிய நீண்ட காலக் குத்தகை வீடுகளுக்கு அடிமனை வாடகை வருஷத்துக்கு ஒரு மிளகுக்கு மேல் கூடாதாம்! ஆனால் பராமரிப்புக் கட்டணம் என்று தனியே ஒன்று ஏறிக்கொண்டே போவதாக அங்கும் ஒரே புலம்பல். நம் ஊர்ச் சுவாமிக்கு ஒரு மிளகு எப்படிப் போதும்? விளக்குக்கு எண்ணெய் வேண்டும், நைவேத்தியத்துக்கு அரிசி வேண்டும்.

குத்தகை இன்னும் காலஞ்சென்ற தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றிதழுடன் பெயர் மாற்றத்துக்கு இப்போதே மனுக் கொடுங்கள். பரணில் உள்ள தகரப் பெட்டியையும் இறக்கிப் பாருங்கள். பழைய ரசீதுகளைக் கறையான் தொடாமல் வைத்திருந்தால், இத்தனை காலம் ஒழுங்காக வாடகை கட்டியதற்கு அவைதான் சாட்சி.