செவிலித் தொழிலில் முதற்படியும் மேற்படிகளும்

நம் மாவட்டத் தலைநகரங்களிலும் தாலுகாப் பட்டணங்களிலும் தனியார் மருத்துவமனைகள் பல தோன்றியிருக்கின்றன. அவற்றில் நோயாளியின் கட்டிலருகே நிற்கும் பெண்களில் பலர், சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து காலைப் பேருந்தில் வருகிறவர்கள். வெண்ணிற உடை கண்டதும் எல்லோரையும் 'நர்ஸ்' என்றே அழைத்துவிடுகிறோம். ஆயினும் அவர்களுள் ஒரு சாரார் முறைப்படி பயின்று அரசாங்கப் பதிவேட்டில் பெயர் ஏறப்பெற்ற செவிலியர். மற்றொரு சாரார் செவிலி உதவியாளர். இவ்விரு சாராருக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை முன்கூட்டி அறியாமையால், பெற்றோர் கடன் பட்டுச் சேர்த்த பணத்தையும், பெண்மக்கள் தம் இளமையின் நல்ல ஆண்டுகளையும் இழந்துவிடுகின்றனர்.

உதவியாளரின் பணி தாழ்ந்தது என்று நாம் கூற வரவில்லை. உண்மையில் நோயாளி ஆறுதலுடன் இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் அவள் கையில்தான் இருக்கிறது. படுக்கை விரித்தல், வெந்நீரில் நனைத்த துணியால் உடலைத் துடைத்தல், வாயைக் கழுவுதல், உணவூட்டுதல், மலசலத் தட்டு வைத்து எடுத்தல் ஆகிய இவை யாவும் பிறர் பார்த்துப் பாராட்டாத வேலைகள். எழுந்திருக்க இயலாதவரை வழக்கமாக இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் இடுப்பின் பின்புறம், குதிகால், முழங்கை முதலிய எலும்பு துருத்திய இடங்களில் குருதியோட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் உண்டாகும். விரிப்பில் கிடக்கும் மடிப்பும் அதற்குத் துணை செய்யும். முதலில் தோல் சிவந்து காணும். சிவந்த அன்றே அதைக் கண்டு செவிலியிடம் சொல்லுகிற பெண், பல வாரத் துன்பத்தைத் தடுத்துவிடுகிறாள். மூச்சை எண்ணுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிப்போகும். ஆதலால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தவாறே, மார்பு எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் முழுமையும் எண்ண வேண்டும். இத்தகைய கவனம் கைவரப்பெற்றவள் பின்னாளில் செவிலிப் பள்ளியில் சேர்ந்தால், உடன் பயில்வோரை விட ஓரடி முன்னே நிற்பாள்.

ஆனால் ஊசி போடுவதும், நரம்பு வழியே சலைன் ஏற்றுவதும், மருந்தின் அளவை முடிவு செய்வதும் அவள் வேலையல்ல. சில இடங்களில் ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி இவற்றையும் அவள் தலையில் சுமத்துகின்றனர். பெருமைக்குரியது என்று எண்ணி அவளும் ஒப்புக்கொள்கிறாள். தவறு நேர்ந்தால், அதைச் செய்வதற்கான தகுதி உனக்கு உண்டா என்ற கேள்விக்கு அவளிடம் விடையிராது.

உதவியாளராகத் தொடங்க வழிகள் பல. நம் மாநில மேல்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் பாடமாக உள்ளது. கிராம இளைஞர்களுக்கென 2014-இல் தொடங்கப்பெற்ற தீன்தயாள் உபாத்யாயா கிராமப்புறத் திறன் திட்டத்திலும் மருத்துவமனைப் பணிகளுக்கான பயிற்சிகள் இடம் பெற்றன. சில மாதப் பயிற்சிக்குப் பின் கூலி கிடைக்கும்; குடும்பத்துக்கு அது உதவும். எனினும் ஒன்றை மறத்தலாகாது. உதவியாளராகப் பத்தாண்டு உழைத்தாலும் அந்த அனுபவம் மட்டுமே ஒருவரைப் பதிவுபெற்ற செவிலியாக்காது. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயின்று, தேர்வில் வென்று, பதிவேட்டில் ஏற வேண்டும்.

இப்பதிவேடு நமக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தில் செவிலியர், தாதியர் பதிவுக்கான சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. இன்று சென்னையிலுள்ள தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமம் அப்பணியை நடத்துகிறது. நாடு முழுமைக்கும் பாடத்திட்டத்தை ஒழுங்கு செய்ய 1947-இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு மாற்றாக 2023-இல் ஒரு தேசிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. மாநிலப் பதிவேட்டின் தேவை அதிலும் நீடிக்கிறது.

படிகளைக் காண்போம். முதலாவது ஏ.என்.எம். எனப்படும் துணைச் செவிலியர், தாதியர் பயிற்சி. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய, 17 முதல் 35 வயது வரையுள்ள பெண்கள் சேரலாம். காலம் 2 ஆண்டு. கலைப் பிரிவில் பயின்றவர்க்கும் இதில் இடமுண்டு. அடுத்தது ஜி.என்.எம். என்னும் 3 ஆண்டுப் பட்டயம். ஏ.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர்க்கும் இதன் கதவு திறந்தே இருக்கிறது. பட்டயத்துக்குப் பின் 2 ஆண்டு பயின்றால் பி.எஸ்ஸி. பட்டம், அதன் மேல் எம்.எஸ்ஸி. 2 ஆண்டு. கீழ்ப்படியிலிருந்து பட்டம் வரை கூட்டினால் 7 ஆண்டுப் படிப்பாகிறது. பள்ளியிலிருந்து நேரே பி.எஸ்ஸி. சேர்ந்தவருக்கோ 4 ஆண்டே. நேர்வழியே குறுகியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றில் போதிய மதிப்பெண் வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில், பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று முடிவு செய்யும்போதே இவ்வழி திறக்கிறது அல்லது அடைபடுகிறது. அந்த வாரத்தில் வீட்டில் இதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. நீண்ட வழிக்கும் ஒரு நன்மையுண்டு: ஒவ்வொரு படியிலும் நின்று சிறிது காலம் ஊதியம் ஈட்டிப் பின் மேலேறலாம். மணமாகிக் குழந்தை பெற்ற இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் வயது கடந்துவிடவில்லை.

ஏ.என்.எம். பயின்றோர்க்குக் கிராமத்திலேயே கண்ணியமான உத்தியோகம் உண்டு. சமவெளியில் 5,000 மக்களுக்கும், மலைப்பகுதியில் 3,000 மக்களுக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அளவு. அங்கு பணிபுரியும் கிராம சுகாதாரச் செவிலியர், கருவுற்ற தாய்மாரைக் கண்காணிப்பதிலிருந்து குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது வரை கவனிக்கிறார். பகுதி சுகாதாரச் செவிலியர், சமுதாய சுகாதாரச் செவிலியர் என அவருக்கு மேற்பதவிகளும் உள. ஆண்கள் இத்தொழிலில் நுழைய விரும்பினால் பட்டயமோ பட்டமோதான் வழி.

பள்ளியில் பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை சில. 'ஆறே மாதத்தில் நர்ஸ்' என்று சுவரொட்டி ஒட்டுகிற இடத்தைக் கண்டால் அகன்று செல்வதே நன்று. அந்தப் படிப்பு, அந்த ஆண்டுக்கு, மாநிலக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்றுள்ளதா என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும். பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அங்கு பிரசவம் பார்க்கப்படுகிறதா என்பதையும் வினவுக. கட்டிய தொகைக்கெல்லாம் ரசீது பெறுக. அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம். நிறுவனத்தாரிடம் விட்டுவிட்டு வருதல் கூடாது. விளம்பரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்போர், தம் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்குச் சென்று செவிலியர் அம்மாளிடம் அதைக் காட்டலாம். அவரும் இதே வழியில் பயின்று வந்தவராதலால், அது பதிவுக்கு உதவும் படிப்பா அன்றா என்பதைக் கேட்டறிய அவரே தக்கவர்.