தாத்தாவுக்கு இருந்தால் எனக்கும் வருமா? பார்க்கின்சன் நோயும் மரபணுவும்



நான்காம் படிவ உயிரியலில் நரம்பு மண்டலப் பாடத்தில் பார்க்கின்சன் என்ற பெயர் வரும். காம்பார் வட்டாரத்தில் அந்தப் பாடம் நடக்கும்போது ஒரு மாணவர் கை தூக்கி, “டீச்சர், எங்க தாத்தாவுக்கும் கை நடுங்குது. எனக்கும் வருமா?” என்று கேட்டால் என்ன சொல்வோம்? ‘ஆமாம்’ என்றால் பிள்ளை பயந்துவிடும். ‘இல்லை’ என்றால் பாடத்துக்கே பொருந்தாது. நான்காம் படிவ நரம்புப் பாடத்தையும் ஐந்தாம் படிவ மரபுரிமைப் பாடத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரியான பதில் கிடைக்கும். பாடத்தை மலாயிலோ ஆங்கிலத்திலோ படித்தாலும், வீட்டில் பாட்டிக்குத் தமிழில்தானே சொல்லணும்?

நோய் என்ன செய்கிறது?

நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து உடல் அசைவைச் சீராக்குகின்றன. அந்த அணுக்கள் மெல்ல மெல்ல அழிவதே பார்க்கின்சன். சும்மா இருக்கும்போது கை நடுங்கும், அசைவு மந்தமாகும், தசை இறுகும். இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இதை விவரித்து எழுதினார். எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல. மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

மரபணு எங்கே வருகிறது?

இது பரம்பரை நோய் அல்ல என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். 1997-இல் இத்தாலியின் கொந்தூர்சி ஊரைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பத்தில் எஸ்என்சிஏ என்ற மரபணுவின் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. 1998-இல் ஜப்பானியர்கள் பார்க்கின் மரபணுவைக் கண்டார்கள். 2004-இல் பிங்க்1, எல்ஆர்ஆர்கே2 இரண்டும் தெரியவந்தன. ஆனாலும் ஒரே மரபணுவால் நோய் வருவது, நோயாளிகள் 100 பேரில் சுமார் 5 முதல் 10 பேருக்குத்தான்.

இதை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒடுங்கு வகை: பார்க்கின், பிங்க்1. தாய், தந்தை இருவரும் மாற்றத்தைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய்க்குரிய இரு பிரதிகளும் வர 1/4 வாய்ப்பு. இவ்வகை பெரும்பாலும் இளவயதிலேயே, 40-க்கு முன்பே தொடங்கும். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் இருவருக்கும் ஒரே தாத்தா பாட்டி. அவர்களிடம் மறைந்திருந்த ஒரே மாற்றம் இரு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. இதில் குற்றம் சொல்ல யாருமில்லை, கணக்கு மட்டும்தான்.

ஓங்கு வகை: எஸ்என்சிஏ, எல்ஆர்ஆர்கே2. ஒரு பிரதி போதும்; பிள்ளைக்குக் கடத்தப்பட 1/2 வாய்ப்பு. ஆனால் எல்ஆர்ஆர்கே2 மாற்றம் உள்ள பலர் முதுமை வரை நோயே வராமல் வாழ்கிறார்கள். மரபணு கடத்தப்படுவது வேறு, நோய் வெளிப்படுவது வேறு. மாணவர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான்.

ஆபத்துக் காரணி வகை: ஜிபிஏ1 போன்றவை. நோயை நேரடியாக உண்டாக்காமல் வாய்ப்பை மட்டும் கூட்டும்.

நம் நாட்டில் என்ன தெரிந்திருக்கிறது?

எல்ஆர்ஆர்கே2-இன் இரண்டு மாற்றங்கள் சீனர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. அவை ஆபத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கும். மலாய்க்காரர்களிடம் காணப்படும் ஒரு பிங்க்1 மாற்றத்தை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் விவரித்தார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரிடமும் வட ஆப்பிரிக்கரிடமும் பேசப்படும் முக்கிய எல்ஆர்ஆர்கே2 மாற்றம் இந்தியரிடம் அரிது. அப்படியானால் நம்மவர்களிடம் எது? இதுவரையான ஆய்வுகளில் ஐரோப்பியரே மிகுதி, இந்தியர் குறைவு. அதனால்தான் நம்மவர் சோதனை செய்தால் ‘மாற்றம் இருக்கிறது, பொருள் தெளிவில்லை’ என்ற முடிவு வர வாய்ப்பு அதிகம். 2023-இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரை ஆராய்ந்த பிறகுதான், அவர்களுக்கே உரிய ஒரு ஜிபிஏ1 மாற்றம் வெளிச்சத்துக்கு வந்தது. ஆய்வில் நாம் சேராவிட்டால் நம் மரபணுவுக்கு விடை கிடைக்காது.

தோட்டத்துக் கதையும் உண்டு

பேராக் தோட்டங்களில் மருந்தடிக்கிற வேலை பார்த்தவர்கள் பலர் நம் பாட்டிமார். பாராகுவாட் என்ற களைக்கொல்லி அப்போது பரவலாக இருந்தது. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. அமெரிக்க விவசாயக் குடும்பங்களைப் பற்றிய 2011 ஆய்வில், அதைப் பயன்படுத்தியவர்களிடம் பார்க்கின்சன் ஏறத்தாழ இரண்டரை மடங்கு காணப்பட்டது. 2012-இல் அதே ஆய்வின் தொடர்ச்சியில், நச்சு நீக்க உதவும் ஜிஎஸ்டிடி1 மரபணு இல்லாத ஆண்களில் பாராகுவாட் பயன்படுத்தியோருக்கு இது 11 மடங்கு. மரபணு உள்ளவர்களில் ஒன்றரை மடங்குதான். சிறிய ஆய்வு, முடிந்த முடிவல்ல. ஆனால் மரபணுவும் சூழலும் சேர்ந்து வேலை செய்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

நோயாளிக்கு இதனால் என்ன?

மரபணுவைப் பார்த்து மாற்றித் தரும் அன்றாட மருந்து இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. லெவோடோபா மாத்திரை, உடற்பயிற்சி, நேரம் தவறாமை இவைதான் எல்லாருக்கும். ஆனாலும் மரபணு தெரிந்தால் சில முடிவுகள் தெளிவாகும். பார்க்கின் வகை மெதுவாகவே முற்றும். குறைந்த அளவு மருந்துக்கே நன்றாகக் கேட்கும். ஜிபிஏ1 மாற்றம் இருந்தால் நினைவாற்றல் விரைவாகக் குறையக்கூடும். மூளைக்குள் மின்முனை பொருத்தும் அறுவையை யோசிக்கும்போது மருத்துவர் இதையும் எடைபோடுவார். எல்ஆர்ஆர்கே2, ஜிபிஏ1 இரண்டையும் குறிவைக்கும் மருந்துகள் ஆய்வில் உள்ளன.

சோதனை எல்லாருக்கும் தேவையில்லை. இளவயதில் நோய் வந்தவர்களும், குடும்பத்தில் பலருக்கு நோய் உள்ளவர்களும் மரபணு ஆலோசனை பெற்றபின் செய்யலாம். நோய் இல்லாத பிள்ளைகளுக்குச் சோதனை வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது குடும்ப வரலாற்றோடு தாத்தா பாட்டி செய்த வேலையையும் சொல்லுங்கள். கேட்கலைன்னாலும் சொல்லுங்க.

இப்போது அந்த மாணவருக்குப் பதில்

“தம்பி, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. அப்பா, அம்மா அல்லது கூடப்பிறந்தவருக்கு இருந்தால் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்காகலாம். மூன்று மடங்கு என்றாலும் பெரும்பாலானவர்களுக்கு வராது. தாத்தாவுக்கு வயதான பிறகு வந்தது என்றால் உன் வாய்ப்பு அதைவிடவும் குறைவு. நீ இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தாத்தாவோடு நடைக்குப் போ. மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்து.”

தேர்வுக்குப் போகும் மாணவர்களுக்கு

ஒடுங்கு மரபுரிமைக்குக் குறுக்குக் கட்டம் வரைந்து 1/4 எனக் காட்டுங்கள். ‘மாற்றம் உண்டு’ என்பதும் ‘நோய் உண்டு’ என்பதும் ஒன்றல்ல என்று ஒரு வரி எழுதுங்கள். காரணம் கேட்டால் மரபணு, சூழல், வயது மூன்றையும் குறிப்பிடுங்கள்.