குளிசைக்கும் கணக்கு உண்டு

தலையிடி என்றால் பனடோல். உடம்புளைவு என்றால் பனடோல். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் அதுவே. நம் நாட்டில் இக்குளிசை இல்லாத வீட்டைக் காண்டல் அரிது. வைத்தியரின் துண்டின்றி வாங்கத்தக்கதாய் இருப்பதனால், இதனை மருந்தென்றே பலர் எண்ணுவதில்லை. ஆபத்துத் தொடங்குவதும் அங்கேதான்.

எமது இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். ஒரு நாள் இளைய மகளுக்குக் கடுங்காய்ச்சல். மாலை நான்கு மணிக்கு எமது அன்னையார் காய்ச்சற் பாணி கொடுத்தார். ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்த துணைவியார், பிள்ளையின் உடல் கொதிப்பதைக் கண்டு மீண்டும் கொடுத்தார். இஃதொன்றும் அறியாத நாமும் ஆறு மணிக்கு ஒரு கரண்டி ஊட்டினோம். இரவு வைத்தியர், "எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று வினாவியபோது மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிள்ளைக்குத் தீங்கு நேரவில்லை. அஃது எமது நற்பேறேயன்றி விவேகமன்று.

அளவும் நேரமும்

பனடோல் என்பது விற்பனைப் பெயர்; உள்ளிருக்கும் மருந்து பரசிற்றமோல். உரிய அளவில் உட்கொண்டால் அது பாதுகாப்பானதே. சாதாரணக் குளிசையொன்றில் 500 மில்லிகிராம் உண்டு. உடல்நலமுள்ள வளர்ந்தோர் ஒரு வேளைக்கு ஒன்றோ இரண்டோ உட்கொள்ளலாம். வேளைக்கு வேளை 4 முதல் 6 மணி நேர இடைவெளி வேண்டும்; 24 மணி நேரத்தில் 8 குளிசைகளுக்கு மேல் ஆகாது. மெலிந்தவர்களும், ஈரல் நோயுள்ளோரும், மது அருந்தும் வழக்கமுடையோரும் வைத்தியரைக் கேட்டு இதனிலும் குறைத்தல் வேண்டும்.

பிள்ளைகளுக்கு நிறையே அளவுகோல். ஒரு கிலோகிராமுக்கு 15 மில்லிகிராமாக, 20 கிலோகிராம் நிறையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம். நாளொன்றுக்கு நான்கு வேளைக்கு மேற்படலாகாது. பாணிகள் யாவும் ஒரே செறிவுடையனவல்ல. ஆதலால் போத்தலின் சுட்டியை வாசித்து, வீட்டுக் கரண்டியை விடுத்து, மருந்தோடு வரும் அளவுகருவியினாலேயே கொடுக்க வேண்டும்.

தடிமன் குளிசைகள் பலவற்றிலும் இதே பரசிற்றமோல் கலந்துள்ளது. இரண்டையும் விழுங்குவோர் தம்மையறியாமலே அளவை இரட்டிப்பாக்குகின்றனர். மிகையான பரசிற்றமோல் ஈரலைச் சிதைக்கும். ஆயினும் முதல் நாளில் யாதொரு குறியும் தோன்றாதிருக்கலாம். இதற்கு மாற்றுமருந்து உண்டு. 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பெரும்பயன் தரும். அளவு மீறியதென ஐயம் எழுந்தால், குறிகள் தோன்றட்டுமெனக் காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்லுக.

பரீட்சைக் காலத்தில் நாள்தோறும் குளிசையை நாடும் மாணவர் ஒன்றை அறிதல் வேண்டும். மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ இவ்வாறு உட்கொண்டுவரின், அக்குளிசையே தலையிடிக்குக் காரணமாகிவிடலாம்.

டெங்குக் காய்ச்சலாயின்

2017ஆம் ஆண்டில் இலங்கையில் 180,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். ஆதலால் காய்ச்சலின் காரணம் தெளிவாகும் வரை, நோவு தணிப்பதற்கென அஸ்பிரின், இபுபுறூபன், டைக்குளோபினக் ஆகியவற்றை நாமாக உட்கொள்ளலாகாது. டெங்குவில் இவை இரத்தப்போக்கை மிகுவிக்கும். இதய நோய்க்காக அஸ்பிரின் உட்கொள்வோர் வைத்தியரைக் கேட்டே நடத்தல் வேண்டும். பரசிற்றமோலையும், காய்ச்சல் முற்றாக இறங்கவேண்டுமென்று மேலும் மேலும் கொடுத்தல் தவறு. காய்ச்சல் விடும் வேளையே டெங்குவில் ஆபத்தான வேளை. அப்போது வயிற்றுநோவு, ஓயாத வாந்தி, மிகுந்த சோர்வு தோன்றின் தாமதியாது வைத்தியசாலையை நாடுக.

இன்று எமது சமையலறைச் சுவரில் ஒரு தாள் தொங்குகின்றது. நேரம், அளவு, கொடுத்தவர் என மூன்று நிரல்கள். அதனைப் பாராது எவரும் மருந்துப் போத்தலைத் திறப்பதில்லை. கொடுத்தபின் எழுதாது விடுவதுமில்லை. எமது அன்னையாரும் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு எழுதுகின்றார்.