மறதிக்கு ஒரு மருந்து: தானே அணையும் விளக்கு

பரண் மேல் எதையோ தேடுகிறோம். செல் போட்ட விளக்கை ஏற்றி அங்கே வைக்கிறோம். தேடிய பொருள் கிடைத்ததும் இறங்கிவிடுகிறோம், விளக்கை மறந்துவிடுகிறோம். மறுநாள் பார்த்தால் செல்கள் தீர்ந்து கிடக்கின்றன. இந்த அனுபவம் இல்லாத வீடு அரிது.

இந்த மறதியின் விலை என்ன? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பென்சில் செல்களில் எரியும் எல்.இ.டி. விளக்கு ஒன்று 60 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். இரவு முழுவதும், அதாவது 12 மணி நேரம் எரிந்தால் செலவு 60 × 12 = 720 மில்லி ஆம்பியர் மணி. சாதாரணப் பென்சில் செல்லின் இருப்பில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். அதே விளக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் மட்டும் எரிந்து தானே அணையுமானால், தடவைக்கு ஆகும் செலவு 1 மில்லி ஆம்பியர் மணிதான். ஆக, ஓர் இரவு மறதியில் நாம் இழப்பது 720 தடவை பயன்பட்டிருக்க வேண்டிய மின்சாரம்!

பொத்தானை ஒருமுறை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும். சிறிது நேரம் கழித்து யாரும் தொடாமலே அணைய வேண்டும். இதற்குக் காலத் தாமதச் சுவிட்சு என்று பெயர். அதை நாமே செய்யலாம். அது எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் காண்போம்.

காவற்காரனே தின்றுவிட்டால்?

காலத்தை அளந்து சுவிட்சை இயக்க 555 என்ற ஒருங்கிணைந்த சுற்று 1972 முதல் விற்பனையில் இருக்கிறது. கடைகளில் எளிதில் கிடைப்பது, நல்ல கருவி. ஆனால் அதன் சாதாரண வகை, விளக்கு அணைந்திருக்கும்போதும் சுமார் 3 மில்லி ஆம்பியரைத் தனக்காக எடுத்துக்கொள்ளும். எந்நேரமும் செல்களோடு இணைந்திருந்தால் ஒரு நாளைக்கு 72 மில்லி ஆம்பியர் மணி செலவு. பத்தே நாளில் 720! நம் ஓர் இரவு மறதிக்குச் சமம். நெல்லைக் காக்க வைத்த காவற்காரனே நெல்லைத் தின்ற கதையாகிவிடும். ஆகவே நமக்கு வேண்டியது, காத்திருக்கும் நேரத்தில் எதையும் தின்னாத சுவிட்சு.

ஓட்டைப் பானையும் மின்தேக்கியும்

அக்காலத்தில் நாழிகை வட்டில் கொண்டு நேரம் அளந்தார்கள். சிறு துளை வழியே நீர் புகவோ வடியவோ ஆகும் நேரமே அதில் அளவுகோல். பாத்திரம் பெரிதானால் நேரம் கூடும். துளை சிறிதானாலும் நேரம் கூடும்.

மின்னியலில் பாத்திரத்தின் இடத்தில் இருப்பது மின்தேக்கி. சிறு துளையின் இடத்தில் இருப்பது மின்தடை. மின்தேக்கியை 6 வோல்ட் வரை நிரப்பி, அதன் இரு முனைகளுக்கு இடையே ஒரு பெரிய மின்தடையை இணைத்தால், மின்னூட்டம் மெல்ல மெல்ல வடியும். நிறைந்திருக்கும்போது விரைவாகவும், குறையக் குறைய மெதுவாகவும் வடியும்.

மின்தடையை ஓமிலும் மின்தேக்கியின் அளவை ஃபாரடிலும் எழுதிப் பெருக்கினால் வினாடியில் விடை வரும். இதுவே கால மாறிலி. 470 கிலோ ஓம் மின்தடையும் 100 மைக்ரோ ஃபாரடு மின்தேக்கியும் எடுத்துக்கொண்டால், 470000 × 0.0001 = 47 வினாடி. இவ்வளவு நேரத்தில் மின்னழுத்தம் தொடக்கத்தில் இருந்ததில் ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறைகிறது. அதாவது 6 வோல்ட் 2.2 வோல்ட் ஆகிறது.

தொடாமல் திறக்கும் வாயில்

இந்த மின்னழுத்தத்தைப் பார்த்து விளக்கை இயக்க ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். சாதாரண டிரான்சிஸ்டர் இங்கு உதவாது. 60 மில்லி ஆம்பியரைச் செலுத்த, அது சுமார் 0.6 மில்லி ஆம்பியரை அடிவாயில் கேட்கும். நம் மின்தேக்கியில் உள்ள மொத்த மின்னூட்டம் 600 மைக்ரோ கூலும். 0.6 மில்லி ஆம்பியர் வீதம் எடுத்தால் ஒரே வினாடியில் தீர்ந்துவிடும்!

புலவிளைவு டிரான்சிஸ்டரில் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு மூன்று கால்கள்: மூலம், வாயில், வடிகால். வாயிலுக்கும் உள்ளே உள்ள குறைக்கடத்திக்கும் நடுவே மெல்லிய மின்காப்புப் படலம் இருக்கிறது. ஆகையால் வாயில் வழியே மின்னோட்டம் அநேகமாகச் செல்வதே இல்லை. அங்குள்ள மின்புலமே பாதையைத் திறக்கிறது. 2என்7000 என்ற வகையில், வாயிலின் மின்னழுத்தம் 2 வோல்ட்டை ஒட்டிக் குறையும்போது பாதை மூடிக்கொள்கிறது. மூடியபின் கசிவது ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவே. நாம் தேடிய தின்னாத காவற்காரன் இவன்தான்.

இணைக்கும் முறை

தேவையானவை: நான்கு பென்சில் செல்கள், அவற்றுக்கான பெட்டி, 2என்7000 ஒன்று, 100 மைக்ரோ ஃபாரடு 16 வோல்ட் மின்தேக்கி ஒன்று, 470 கிலோ ஓம் மின்தடை ஒன்று, 100 ஓம் மின்தடை ஒன்று, 150 ஓம் மின்தடைகள் மூன்று, வெள்ளை எல்.இ.டி. மூன்று, அழைப்பு மணிக்குப் பயன்படும் அழுத்து சுவிட்சு ஒன்று.

1. டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்கி இருக்கட்டும். இடப்புறம் மூலம், நடுவில் வாயில், வலப்புறம் வடிகால். மூலத்தைச் செல் பெட்டியின் எதிர்முனையோடு இணையுங்கள்.

2. ஒவ்வோர் எல்.இ.டி.யின் நீண்ட காலையும் ஒரு 150 ஓம் மின்தடை வழியே நேர்முனையோடு இணையுங்கள். மூன்றின் குட்டைக் கால்களையும் ஒன்று சேர்த்து வடிகாலில் இணையுங்கள்.

3. மின்தேக்கியின் நேர்காலை வாயிலோடும், எதிர்க்காலை மூலத்தோடும் இணையுங்கள். எதிர்க்காலின் பக்கத்தில் கோடு போட்டிருக்கும். மாற்றி இணைத்தால் மின்தேக்கி கெடும்.

4. 470 கிலோ ஓம் மின்தடையை மின்தேக்கியின் இரு கால்களுக்கும் குறுக்கே இணையுங்கள்.

5. நேர்முனையிலிருந்து அழுத்து சுவிட்சு, அதற்குத் தொடராக 100 ஓம் மின்தடை, அதிலிருந்து வாயில் என்று இணையுங்கள்.

பொத்தானை அழுத்தியதும் மின்தேக்கி நொடியில் நிரம்பும், விளக்கு எரியும். விட்டதும் வடியத் தொடங்கும். முக்கால் நிமிடத்தை ஒட்டி ஒளி மங்கி, பின் அணையும். எரியும்போதே மறுபடி அழுத்தினால் நேரம் முதலிலிருந்து தொடங்கும்.

கணக்கும் கடிகாரமும்

உங்கள் விளக்கு சரியாக 47 வினாடியில் அணையாது. இதைப் பிழை என்று எண்ண வேண்டாம். பாதை மூடும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டருக்கு டிரான்சிஸ்டர் மாறும். 2என்7000-இல் அது 0.8 முதல் 3 வோல்ட் வரை எங்கும் இருக்கலாம். 3 வோல்ட் எனில் 33 வினாடியிலேயே அணையும், 0.8 வோல்ட் எனில் ஒன்றரை நிமிடம் ஆகும். மின்தேக்கியின் மேல் எழுதிய அளவிலும் 20 விழுக்காடு கூடவோ குறையவோ இருப்பது வழக்கம். எனவே கடிகாரத்தை வைத்து அளந்து, பிறகு மின்தடையை மாற்றிச் சரிசெய்வதே முறை. செல்கள் பழையதாக ஆக நேரம் குறையும். அது செல் மாற்ற வேண்டிய காலத்தை நமக்கு முன்கூட்டியே சொல்லும் அறிகுறி.

ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் அடிக்கடி வியக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். மின்னழுத்தம் குறைவதைக் காண மின்தேக்கியின் குறுக்கே பழைய முள் மீட்டரை வைத்தால், விளக்கு கால் நிமிடத்துக்கும் முன்பே அணைந்துவிடும்! 10 வோல்ட் அளவில் அத்தகைய மீட்டரின் தடை சுமார் 200 கிலோ ஓம்தான். பானையில் நாமே இன்னொரு துளை, அதுவும் பெரிய துளை, போட்டுவிட்டோம். 10 மெகா ஓம் தடையுள்ள டிஜிட்டல் மீட்டரை வைத்தால் மாற்றம் 5 விழுக்காட்டுக்குள் அடங்கும். அளக்கும் கருவியும் சுற்றின் ஓர் உறுப்பே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை அரிது.

இரண்டு எச்சரிக்கைகள். வீட்டு மின் இணைப்பில் இதை ஒருபோதும் பொருத்தாதீர்கள். இது செல்களுக்கு மட்டுமே உரியது. மோட்டார் போன்றவற்றையும் இதில் இணைக்க வேண்டாம். வாயில் மெல்ல மூடும் நேரத்தில் பாதித் திறந்த டிரான்சிஸ்டர், பெரிய மின்னோட்டத்தால் சூடேறிக் கெட்டுப்போகும்.

நேரத்தை இரு மடங்காக்க வேண்டுமா? இன்னொரு 100 மைக்ரோ ஃபாரடு மின்தேக்கியை முதலாவதோடு பக்க இணைப்பில் சேருங்கள். மின்தடையைப் பத்து மடங்கு ஆக்கினால் நேரமும் பத்து மடங்கு ஆகுமா? செய்து பாருங்கள், எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வரும். மின்தேக்கியின் உள்ளேயே சிறு கசிவு உண்டு. நாம் போட்ட துளையை மிகச் சிறிதாக்கும்போது, பானையின் சொந்தக் கசிவு முன்னே வந்து நிற்கிறது. அது எவ்வளவு என்பதை உங்கள் கடிகாரத்தைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். முயன்று பாருங்கள்.