கருந்துளையும் விண்மீன் மண்டலமும்

இரவு வானைக் கண்டு வியக்காதவர் யார்? நாம் காணும் விண்மீன்களும் நம் சூரியனும் பால்வீதி என்னும் மாபெரும் மண்டலத்தைச் சேர்ந்தவை. அதன் நடுவே, நம்மிடமிருந்து சுமார் 27,000 ஒளியாண்டு தொலைவில், ஏறத்தாழ 40 இலட்சம் சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளை ஒன்று உள்ளது.

ஒளியும் தப்ப இயலாத ஒன்றை எப்படிக் கண்டறிந்தார்கள்? அதைச் சுற்றிவரும் விண்மீன்களின் பாதையைப் பல்லாண்டுகள் அளந்தார்கள். அவற்றுள் ஒன்று 16 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. இப்பணிக்காக ஆண்ட்ரியா கெஸ் அம்மையாரும் ரைன்ஹார்ட் கென்சலும் 2020ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அப்பரிசைப் பெற்ற நான்காவது பெண்மணி கெஸ்.

பெரிய விண்மீன் மண்டலங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இத்தகைய கருந்துளை உண்டு. மண்டலத்தின் பருத்த நடுப்பகுதியோடு ஒப்பிட்டால், அதன் நிறை ஆயிரத்தில் சில பங்கே. தொலைவிலுள்ள விண்மீன்களை அதன் ஈர்ப்பு அசைப்பதும் இல்லை. ஆயினும், நடுப்பகுதி விண்மீன்களின் வேகம் மிக மிகக் கருந்துளையின் நிறையும் மிகுகிறது என்பதை 2000ஆம் ஆண்டில் இரு ஆய்வுக் குழுக்கள் கண்டன. இவ்விரண்டும் சேர்ந்தே வளர்ந்தன என்பதற்கு இது சான்று அன்றோ?

காரணம் என்ன? அடுப்பில் வைத்த பாலை நினைத்துக்கொள்வோம். தீ மிகுந்தால் பால் பொங்கி வழிந்து, அந்தத் தீயையே அணைத்துவிடும். கருந்துளையை நோக்கிச் சுழன்று விழும் வாயு, கடுமையாகச் சூடேறி ஒளிர்கிறது. அப்போது வெளிப்படும் ஆற்றல் சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கி வெளியே தள்ளுகிறது. குளிர்ந்த வாயு இன்றேல் புதிய விண்மீன்கள் பிறப்பதில்லை. கருந்துளைக்கும் இரை கிடைப்பதில்லை. இருவர் வளர்ச்சியும் ஒருங்கே தணிகிறது.

கன்னி ராசியின் திசையில், சுமார் 5½ கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்-87 மண்டலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் கருந்துளை சுமார் 650 கோடி சூரியன்களின் நிறை உடையது. 2019ஆம் ஆண்டில் அதன் படம் வெளியானது. அங்கிருந்து பீறிடும் தாரை பல ஆயிரம் ஒளியாண்டு நீள்கிறது.

இரண்டில் முந்தியது எது? 2022 முதல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி காட்டிவரும் மிகப் பழைய மண்டலங்கள் சிலவற்றில், கருந்துளை மண்டலத்தின் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது. இப்புதிருக்கு இன்னும் முடிவான விடை இல்லை. இறைவனின் படைப்பில் சிறியதும் பெரியதும் ஒன்றையொன்று சார்ந்தே நிற்கின்றன. அவ்விடையைத் தேடிச் செல்பவர் நம் மாணவியருள் ஒருவராகவும் இருக்கலாம் அல்லவா?