சறுக்குப் பலகையின் சக்கரங்கள்

சறுக்குப் பலகையின் அடியில் நான்கு சிறு சக்கரங்கள் உண்டு. 1960களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இவற்றைக் களிமண் கலவையால் செய்தனர். ஒரு சிறு கல் தடுத்தாலும் சக்கரம் நின்றுவிடும். மேலே நின்றவன் முன்னே தூக்கி எறியப்படுவான். 1970களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்த்தி என்பார் பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆன சக்கரங்களைக் கொணர்ந்தார். அவை கல்லை ஏறிக் கடந்தன, தரையையும் பற்றின.

தெருவில் படிவிளிம்புகளிலும் கம்பிகளிலும் துள்ளி விளையாடுவோர் 50 முதல் 54 மில்லிமீட்டர் விட்டமுள்ள கடினச் சக்கரங்களை விரும்புவர். எடை குறைவாதலின் பலகை எளிதில் சுழலும். இவ்விளையாட்டுக்கென அமைத்த பூங்காக்களின் வழுவழுப்பான சரிவுகளில் விரைவு வேண்டும். அங்குச் சற்றுப் பெரியவை ஏற்றவை. கடினமானவை எங்கும் நல்லவை என்று எண்ணற்க. தார் பெயர்ந்த சாலையில் அவை எலும்பெல்லாம் அதிரச் செய்யும். சிறு கல்லின் பழைய தொல்லையும் மீளும். அங்கு மென்மையான சக்கரங்களே வேண்டும்.